இன்னாசியின் நம்பர்

கடலில் போனவர்கள் பேசத் தொடங்கிய வாரத்தில் சங்குமுனையில் ஐஸ் தட்டுப்பாடு என்பதைத்தான் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் முதலில் சொல்வார்கள். ஐஸ் இல்லாமல் பிடித்த மீனெல்லாம் கரையிலேயே கெட்டுக்கொண்டிருந்ததாம், அதை அள்ளிப் புதைக்கவே ஆட்களுக்குப் பொழுது போதவில்லையாம், அந்த அமளிக்கு நடுவில்தான் கமிட்டி அறையிலிருந்து ஜெசிந்தா ஓடிவந்து, போன கார்த்திகைப் புயலில் மூன்று படகோடு போன ஆட்கள் வயர்லெஸ் பெட்டியில் பேசுகிறார்கள் என்று சொன்னாளாம். அதே புயலுக்குத் தன் மகன் ரூபர்ட்டைக் கொடுத்த மரியபுஷ்பம் மீன் அள்ளின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, எம்புள்ள சாப்பிட்டானான்னு கேட்டியா?" என்றாளாம். யாரும் ஆச்சரியப்படவில்லையா என்று கேட்டால் சங்குமுனைக்காரர்கள் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடலில் போனவன் கடலில்தானே இருப்பான், வேறெங்கே போய்விடுவான் என்பார்கள். அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

புயலுக்குப் பிறகு ஊருக்கு என்னென்னவோ வந்தன. போர்வை வந்தது, நமத்துப்போன பிஸ்கட் வந்தது, வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வந்து கையைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போனார்கள். அப்படி வந்த சாமான்களில் ஒன்றுதான் அந்த ஸ்கேனர் பெட்டி. கடலில் இருக்கிற படகெல்லாம் வயர்லெஸ்ஸில் என்ன பேசுகிறது என்று கரையிலிருந்து கேட்டால் இனிமேல் யாரும் தனியாகச் சாக வேண்டியிருக்காது என்பது அதைக் கொடுத்தவர்களின் நினைப்பு. நல்ல நினைப்புதான். பெட்டியைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது, கமிட்டித் தலைவரும் நாலு விசைப்படகுக்குச் சொந்தக்காரருமான கஸ்பார் முதலாளி, பத்தாவது வரை படித்தவள், புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள், ஐந்து வயசுப் பிள்ளை ஜெனோவாவை வைத்துக்கொண்டு நிற்கிறவள் என்று ஜெசிந்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் புருசன் இன்னாசி கஸ்பாரின் படகில் பண்டாரியாக இருந்தவன், அதாவது சமையல்காரன். மற்றவர்கள் வலை இழுக்கும்போது சோறு வடிப்பதுதான் அவன் வேலை.

பெட்டியில் பொத்தான்கள் நிறைய இருந்தாலும் வேலைக்கு ஆனவை மூன்றுதான். சர்ச் என்பதை அழுத்தினால் பெட்டி ஒவ்வொரு நம்பராகத் தேடிக்கொண்டே ஓடும், எந்த நம்பரில் பேச்சுக் கேட்கிறதோ அங்கே நிற்கும், பேச்சு ஓய்ந்தால்தான் அடுத்ததற்கு நகரும். ஸ்கிப் என்பதை அழுத்தினால் அந்த நம்பரைத் தாண்டிப் போய்விடும், பிறகு அங்கே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்காது. சேவ் என்பதை அழுத்தினால் அந்த நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளும். ஊரில் இதைத் தேடுவது, தாண்டுவது, வைப்பது என்றார்கள். பெட்டிக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது. பதில் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கிற பேசுகிற செட்டை அதே நம்பரில் வைத்து மைக்கை அழுத்த வேண்டும்.

செத்தவர்கள் ஆளுக்கொரு நம்பரில் பேசினார்கள். கூட்டிவந்துவிடலாம் என்று ஆரம்பத்தில் இரண்டு படகு போனது. சொன்ன இடத்தில் வெறும் தண்ணீர்தான் கிடந்தது, ஆனால் கமிட்டி அறையில் இருந்த பெட்டியிலோ, "எங்க தலைக்கு மேலதாம்ல நிக்கிய, அடிப்பலகையில பாசி புடிச்சிருக்கு, சொரண்டுங்கல" என்று ரூபர்ட் சொல்லிக்கொண்டிருந்தான். படகைக் கரையேற்றிப் பார்த்தபோது பாசி பிடித்துத்தான் இருந்தது, சுரண்டினார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் வந்து காதில் மாட்டிக் கேட்டார்கள், அவர்களுக்கு இரைச்சல்தான் கேட்டது, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பேசிக்கொண்டிருக்கிறவனுக்கு இறந்தோர் பூசை வைப்பது எப்படி என்று பங்குச் சாமியார் சில நாள் குழம்பி, கடைசியில் பயணத்தில் இருப்பவர்களுக்காக என்று பொதுவாகச் சொல்லி ஜெபித்துவிட்டார். மற்றபடி ஊர் ஊராகத்தான் இருந்தது. பெண்கள் சாயங்காலம் வேலை முடிந்து, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு கமிட்டி அறைக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

இது இப்படியே இருந்திருந்தால் சங்குமுனையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருந்திருக்கும். ரூபர்ட்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில், அம்மா சுகமா, தங்கச்சி சுகமா என்று கேட்டுவிட்டு, "இங்கன நாப்பது பாகத்துல சீலா அடைஞ்சு கெடக்கு, யாரும் வரலியா?" என்றான். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த அளவு, கடல் ஆழத்துக்குக் கணக்கு. கஸ்பாரின் படகுகள் போயின. வலை கிழிகிற அளவுக்குச் சீலா மீன். சங்குமுனையில் கண்டவன் பங்கு என்று ஒரு வழக்கம் உண்டு. மீன் கூட்டத்தை முதலில் கண்டு சொன்னவனுக்கு, வலையில் விழுந்ததிலிருந்து ஒரு கூடை முதலில் எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் பங்கு பிரிப்பார்கள். கஸ்பார் முதலாளி நியாயமான மனிதர், வழக்கத்தை மீறவில்லை. கூடை மரியபுஷ்பத்தின் வீட்டு வாசலில் இறங்கியது. மறுநாள் சாயங்காலம் கமிட்டி அறை வாசலில் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தியாவது தன் புருசனிடம், நீ சாப்பிட்டியா, உனக்குக் குளிருதா என்று கேட்கவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

செத்தவர்களில் சிலர் சொன்னார்கள். டிரைவராக இருந்தவர்கள், வலை போட்டவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தபோது கண்டுபிடிக்காத மீனை இப்போது விரல் நீட்டிக் காட்டினார்கள். அவர்களுடைய நம்பரை ஊரார் வைத்துக்கொண்டார்கள். சிலருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவன் தண்ணி குளிருது, தண்ணி குளிருது என்று மட்டுமே சொன்னான், அவனைத் தாண்டினார்கள். ஒரு பெரியவர் மத்தியானம் தொடங்கி ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருந்ததில் பெட்டி அவரை விட்டு நகராமல் அன்றைய மீனெல்லாம் போய்விட்டது, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவரையும் தாண்டினார்கள். பெனிட்டா என்ற இளம்பெண்ணுக்கு மறுகல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், அவளே வந்து தலையைக் குனிந்துகொண்டு, "எக்கா, அவுகள தாண்டிருங்க" என்றாள். அதில் யாரும் குற்றம் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வயிற்றெரிச்சலில் தாங்களும் ஒரு பெட்டி வாங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் தாத்தன் பூட்டன் காலத்தில் போனவர்கள். அவர்களும் பாவம் வாய் ஓயாமல் மீன் சொன்னார்கள்தான், ஆனால் அந்த மீனெல்லாம் கடலிலேயே இல்லாமல் போய் நாளாகிவிட்டது, பேர்கூட யாருக்கும் தெரியவில்லை. சங்குமுனையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாடி எழும்பியது, கோயில் கோபுரத்துக்குப் புது மணி வந்தது.

இத்தனைக்கும் ஜெசிந்தாவின் புருசன் மட்டும் பெட்டியில் வரவில்லை. ஊரார் புருசன்மார்களையெல்லாம் தேடிக் கொடுத்துக்கொண்டு, தன் ஆளைக் காணாமல், ஒவ்வொரு நம்பரிலும் பெட்டி நிற்கும்போது அவன் குரல்தானா என்று காதைக் கொடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். படகு வந்துவிட்டதென்றாலும் எழுந்து போக மாட்டாள், பிள்ளை அழுதாலும் அறைக்கே கூட்டிவரச் சொல்லுவாள். பெட்டியின் கடைக்கோடியில், படகுக்காரர்கள் யாரும் எப்போதும் பேசாத ஒரு நம்பரில், பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், "ரசத்துக்கு மொளவு தட்டிப் போடணும், பொடிச்சிரப்புடாது" என்று ஒரு குரல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா மைக்கைப் பிடித்தாள். செட்டை அந்த நம்பருக்குத் திருப்பி அழுத்தினாள்.

"ஏங்க! நாந்தாங்க, ஜெசி!"

"ஏட்டி, நீயா? எம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு இருக்கேன். எங்க போன?"

அன்றிலிருந்து அவளுக்குக் கல்யாணமான புதுசு போல ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் கல்யாணமான புதுசில்கூட அவளுக்கு இவ்வளவு கிடைக்கவில்லை. உயிரோடு இருந்தபோது இன்னாசி கடலிலிருந்து வருவான், குளிப்பான், குப்புறப் படுத்துத் தூங்குவான், எழுந்தால் மறுபடி கடல். பேச நேரமிருந்ததில்லை. இப்போது பேசினான். ஜெனோவாவுக்குக் காது வலி எப்படி இருக்கிறது, பூண்டைத் தட்டி எண்ணெயில் காய்ச்சி விட்டாயா, இளஞ்சூட்டில் விடு, கொதிக்கக் கொதிக்க விட்டுவிடாதே என்று பேசினான். என்ன குழம்பு, புளி கரைத்து விட்டாயா, கொடம்புளியா என்று கேட்டான். அந்தச் சின்ன அறையில் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் அவள் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறதைப் பார்த்தவர்கள் சிரிக்கட்டும் என்றுதான் விட்டார்கள்.

ஆனால் அவன் பேசினால் பெட்டி நகராது. பேச்சு ஓய்ந்தால்தான் நகரும் என்பது அதன் குணம், இன்னாசியோ ஓய்கிற ஆளில்லை. ஒரு நாள் அவன் நெத்திலியை எப்படி மொறுமொறுவென்று பொரிப்பது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ரூபர்ட் தன் நம்பரில் கணவாய் கணவாய் என்று கத்தியிருக்கிறான், கேட்க ஆளில்லை. அத்தனை கணவாயையும் பக்கத்து ஊர்ப் படகுகள் தற்செயலாக வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டன. மரியபுஷ்பம் அன்று கூடை வராத கோபத்தில் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். கமிட்டி கூடியது. கஸ்பார் முதலாளி குரலை உயர்த்துகிறவரே இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"யம்மா ஜெசிந்தா, ஒங்கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா அவன் மீனும் சொல்ல மாட்டேங்கான், சொல்லுதவனையும் கேக்க விட மாட்டேங்கான். அவனத் தாண்டிரு தாயி."

"மொதலாளி, நாலு நாள் பொறுங்க. அவுகளும் சொல்லுவாவ. நான் சொல்லச் சொல்லுதேன்."

"பண்டாரிக்கு என்னம்மா தெரியும்?"

"சொல்லுவாவ மொதலாளி. நானாச்சு."

இதுதான் ஜெசிந்தா செய்த தப்பு என்று இப்போது வக்கணையாகச் சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. அந்த இடத்தில் அவர்கள் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். அவள் நேராகப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"இந்தாருங்க, ஒங்களத் தாண்டச் சொல்லுதாவ."

"யாரு தாண்டுவா? நீதான பெட்டிக்கிட்ட இருக்க."

"பெட்டி எங்கப்பன் வீட்டுச் சீதனமா? மீன் சொல்லுத ஆளத்தான் வைப்பாவளாம். ஒங்க சுத்துவட்டாரத்துல மீனே இல்லியா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னான்.

"இருக்குட்டி. நான் பேசுனா வருதுவ. சும்மா இருந்தா ஒண்ணும் வராது. ஒன்னப் பத்தி, புள்ளயப் பத்திப் பேசுனா கூட்டங்கூட்டமா வந்து மொகத்துக்கு முன்னால நின்னு கேக்குதுவ. என்ன நம்பித்தான் வருதுவ. அதுவளப் போயி நான் காட்டிக் குடுக்கவா?"

"அப்ப நான் யாருகூடப் பேசட்டும்? இந்தச் செவுத்துகூடயா?"

அன்று சாயங்காலம் இன்னாசி, தான் கரையில் இருந்தபோது ஒரு ராத்திரி ஜெனோவாவுக்கு வந்த காது வலியைப் பற்றி, அவள் அழுத அழுகையை, எண்ணெய் விட்டதும் அப்படியே தன் மடியில் தூங்கிப்போனதைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, "ரூபர்ட்டுகிட்ட கேட்டேன், இது முப்பது பாகமாம், பாறைக்குக் கெழக்க. பாரை மீனு. வரச் சொல்லு" என்றான். அழுதுகொண்டே சொன்ன மாதிரி இருந்தது. ஜெசிந்தா சேவ் பொத்தானை அழுத்தினாள், நம்பர் நினைவில் ஏறியதற்குப் பெட்டி ஒரு தடவை கீச்சென்றது.

படகு நிறையப் பாரை வந்தது. கண்டவன் பங்குக் கூடை அவள் வாசலிலும் இறங்கியது. ஊரே அந்த மீனைத்தான் குழம்பு வைத்தது. மறுநாள் காலையில், எப்போதும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காத கஸ்பார் முதலாளி, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஜெனோவாவைத் தூக்கித் தோளில் போட்டு, "காது வலி கொறஞ்சிச்சா மக்கா? எண்ணெய இளஞ்சூட்டுலதான் விடணும் என்ன?" என்று கேட்டார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, ஏனென்று அவருக்கே தெரியவில்லை. ஐஸ் உடைக்கிற ஆட்கள், கூடை சுமக்கிறவர்கள் எல்லோருமே அன்று அந்தப் பிள்ளையைப் பார்த்த இடத்தில் நின்று தலையைத் தடவினார்கள். ஊருக்குத்தான் எவ்வளவு இரக்கம் என்று ஜெசிந்தா உருகிப்போய், சாயங்காலம் இன்னாசியிடம் அதைச் சொன்னாள்.

"காது வலியா? ஜெனோவாவுக்கா?" என்றான் இன்னாசி. "எப்பம்? ஏங்கிட்ட நீ சொல்லவேயில்லிய."

ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த தடவை அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகின மழைநாளைப் பேசி மீனைக் கூட்டினான், மறுநாள் ஊர்ப் பெண்கள் வெயிலில் நின்றுகொண்டு அவள் வீட்டு ஓட்டை அண்ணாந்து பார்த்து, "அன்னிக்கு எம்புட்டு மழ, சட்டி பானையெல்லாம் வச்சில்லா தண்ணியப் புடிச்சோம்" என்றார்கள். அவனுக்கு அந்த மழை போய்விட்டது. எதைப் பேசி அவன் மீனைக் கூட்டினானோ அது மீனோடு வலைக்குள் போனது, வலையிலிருந்து ஏலத்துக்கும் ஏலத்திலிருந்து சட்டிக்கும் போனது, தின்றவர்களுக்கு அது சொந்த ஞாபகம் போல உட்கார்ந்துகொண்டது, அவனிடத்தில் அது இருந்த சுவடே இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஜெசிந்தாவுக்கு நாளானது. ஊருக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. ஏலக்கூடத்தில் இன்னாசி மீன் என்று தனியாகக் கூறு போட்டு விற்றார்கள். தின்றால் நெஞ்சு இளகுகிறது, இரண்டு நாளைக்கு வீட்டில் சண்டை வருவதில்லை என்று பெண்கள் அதைத் தேடி வாங்கினார்கள். பெண்டாட்டியை அடிக்கிறதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவன் அதைத் தின்றுவிட்டு, தட்டின மிளகில் ரசம் வைத்துப் பெண்டாட்டிக்கு ஊற்றினானாம். அதையும் நல்லதென்றே பேசிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா கமிட்டியில் போய் நின்றாள். "மொதலாளி, அவுகளத் தாண்டிருவோம். ஒரு வருசம் போவட்டும். மனுசன் காலியாயிட்டு வாராவ."

கஸ்பார் அவளை உண்மையான பிரியத்தோடு பார்த்தார். அது இன்னாசியின் பிரியம் என்பது அவளுக்குத் தெரிந்தது, அதனால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ஆளு ஒம் புருசன்தாம்மா, நான் இல்லங்கல. நம்பரு ஊரு நம்பருல்லா?"

எங்களைப் பற்றிப் பேச வேண்டாம், வேறு எதையாவது பேசுங்கள் என்று அவள் இன்னாசியிடம் கெஞ்சினாள். சமையலைப் பேசினான், அதுவும் போயிற்று. உப்பு எவ்வளவு போடுவது என்றுகூட அவனுக்குத் தெரியாமல் போனது. அவனை வளர்த்த அத்தையைப் பேசினான், அவளும் போனாள். ஒன்றும் பேசாமல் இருங்கள் என்றாள். அதற்கு அவன், "பேசாட்டா தண்ணி காதுக்குள்ள வருதுட்டி" என்றான். அப்படியே ஆடி மாசம் வந்தது.

ஆடியில், வெளிநாட்டுக்கு மீன் அனுப்புகிற கம்பெனி ஒன்று கஸ்பாரோடு பேசி, குளிர்சாதன லாரியைக் கரையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அதற்கு மீன் நிறைய வேண்டும், அதுவும் நல்ல மீனாக வேண்டும். கஸ்பார் கமிட்டி அறைக்கு வந்தார். ஜெசிந்தாவை நகரச் சொன்னார். அவரே மைக்கை எடுத்து, இன்னாசியின் சமையலைத் தின்ற உரிமையிலும் இன்னாசியையே தின்ற உரிமையிலும், கூடப் பிறந்தவனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"ஏலே இன்னாசி, ஒங் கல்யாணத்தச் சொல்லுல. அவள எங்கன பாத்த, எப்படி முடிச்ச, அதச் சொல்லு பாப்போம்."

ஜெசிந்தா அப்போது நினைத்திருந்தால் பெட்டியின் வயரைப் பிடுங்கியிருக்கலாம். மைக்கைப் பறித்து, சொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கேட்டாள். அவன் உயிரோடு இருந்த நாளில் ஒரு தடவைகூட இதையெல்லாம் அவளிடம் சொன்னதில்லை, கேட்க வேண்டும் போலிருந்தது, அதுதான் காரணம்.

அவன் சொன்னான். சப்பரத் திருவிழாவில் அவள் ஐஸ்காரனோடு சண்டை போட்டதைச் சொன்னான். ஐஸ் இனிக்கவில்லை, வெறும் தண்ணீர் என்று அவள் நியாயம் கேட்டு, அவன் வேறொன்று கொடுத்ததும் அதை வாங்கி, பக்கத்தில் வாய் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போனாளாம். அந்தக் குலுக்கலிலேயே தன் கதை முடிந்துவிட்டது என்றான். கல்யாணத்தன்று ராத்திரி அவள் அலுப்பில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட, கொசு கடிக்குமே என்று விடியும்வரை விசிறிக்கொண்டிருந்ததைச் சொன்னான். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும் முதல் உலைச் சோற்றில் ஒரு கைப்பிடியை யாருக்கும் தெரியாமல் கடலில் போட்டு, இதை வாங்கிக்கோ, என்னை அவளிடம் திருப்பி அனுப்பிவிடு என்று சொல்லுவானாம், புயலடித்த அன்று மட்டும் உலை கவிழ்ந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே போனான், சாயங்காலம் வரைக்கும் சொன்னான், அவன் சொல்லச் சொல்ல வெளியே கடல் ஒரே வெள்ளியாக மினுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. ஜெசிந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. கடைசியில் அவன் பாகம் சொன்னான், திசை சொன்னான். எல்லாப் படகும் போயின.

விடிந்து படகுகள் திரும்பியபோது ஏலமே போடவில்லை. கூடை கூடையாக நேரே லாரிக்குள் ஏறியது. ஜெசிந்தா தலையை அள்ளி முடியாமல் ஓடினாள்.

"மொதலாளி, ஒரு மீனு குடுங்க. ஒண்ணே ஒண்ணு. சின்னதாப் போதும்."

"லாரி சீல் வச்சாச்சே தாயி. எண்ணிக்க கொடுத்தாச்சி. ஒன் கூடைக்கு வேற மீனு வைக்கச் சொல்லியிருக்கேன், நேத்துச் சாள நல்ல சாளதான்."

"எனக்குக் கண்டவன் பங்கு வேணும் மொதலாளி. வழக்கத்த மாத்தாதீங்க."

"மாத்தலியம்மா. எந்த மீனா இருந்தாலும் கூட கூடதான."

லாரி கிளம்பியது. ஈரம் சொட்டச் சொட்டப் பெரிய ரோட்டில் ஏறித் திரும்பியது. கொச்சிக்குப் போகிறது, அங்கிருந்து கப்பலில் போகிறது என்றார்கள், எந்த நாட்டுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கேயோ ஓர் ஊரில், இனிமேல் யாரோ ஒருவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஐஸ்காரனோடு சண்டை போடுகிற ஒரு பெண்ணை, அவள் தோளைக் குலுக்கினதை, காரணமில்லாமல் நினைத்துக்கொள்வான். யார் அவள் என்று அவனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஏக்கமாக இருக்கும், பிறகு அடுத்த துண்டை எடுப்பான். ஜெசிந்தா ரோட்டிலேயே நின்றாள், ஈரத்தை மொய்க்க வந்த ஈக்கள் அவள் காலில் உட்கார்ந்தன.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கமிட்டி அறையைத் திறந்து, பெட்டியைப் போட்டு, வழக்கம்போல் உட்கார்ந்தாள். பெட்டி ஓடியது, ஒவ்வொரு நம்பராகத் தேடியது, கடைக்கோடிக்குப் போய் நின்றது. இன்னாசி பேசிக்கொண்டிருந்தான். குரலெல்லாம் அதே குரல்தான்.

"இருவத்தஞ்சு பாகம், வெளமீனு. கெழக்க முப்பது, ஒண்ணுமில்ல. தெக்க இருவது, ஊளி கெடக்கு."

அவள் மைக்கை அழுத்தினாள். பேச்சு வரவில்லை, மூச்சுதான் போயிருக்க வேண்டும்.

"யாரு?" என்றான் அவன். "எந்தப் போட்டு நீங்க?"

அவள் புருசன் அவளை அதுவரை நீங்க என்று சொன்னதில்லை.

"போட்டு இல்லீங்க," என்றாள் ஜெசிந்தா. "கரையில இருந்து பேசுதேன். ஒரு ஆளத் தேடுதேன்."

"ஆளு பேரச் சொல்லுங்கம்மா. பக்கத்துல இருந்தா கூப்புட்டு விடுதேன்."

"இன்னாசி."

அவன் உண்மையிலேயே தேடினான் என்றுதான் நினைக்க வேண்டும். பெட்டி நெடுநேரம் இரைந்தது, தூரத்தில் அவன் யார் யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது, இன்னாசி, இன்னாசி என்று அவன் தன் பேரைத் தண்ணீருக்குள் நாலு திசையிலும் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு திரும்பி வந்தான்.

"அப்படி ஒருத்தரு இங்கன இல்லியேம்மா," என்றான், நல்ல மனுசன், சொல்ல வருத்தப்பட்டுக்கொண்டே. "வேற எங்கனயும் தேடிப் பாருங்க."

"சரிங்க," என்றாள் ஜெசிந்தா. "ஒங்களுக்கு வீண் செரமம்."

"அதுல என்னம்மா இருக்கு."

அவன் மறுபடி பாகம் சொல்லத் தொடங்கினான். அவள் ஸ்கிப்பை அழுத்தினாள்.